ஒரே கேபிள், இரண்டு முனை

மார்ச் 9, சனிக்கிழமை. இன்று ஒரு தவறு செய்தேன். கம்ப்யூட்டரில் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்தேன், அதே கையோடு பக்க மூடியையும் கழற்றி வைத்தேன். வழக்கமாக ஒன்பதாம் நிமிடத்தில் தானாக அணைகிற கம்ப்யூட்டர், பன்னிரண்டாம் நிமிடத்தில் அணைந்தது. அந்த மூன்று நிமிடம் எதனால் கிடைத்தது என்று இனிச் சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும்.

இப்படி எழுதிவைத்தவளுக்கு மாலை வகுப்பில் 'நோட்டு' என்று பெயர். அது வீடுவரை வந்து ஒட்டிக்கொண்டது. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பாள். மாலையில், கட்டப்போகும் கட்டடங்களைக் கம்ப்யூட்டரில் படமாக்கக் கற்கிறாள். மருத்துவமனைக் கூடத்துக்குள் நடந்து போவதுபோல் ஒரு நிமிடப் படம், அதுதான் கடைசிப் பயிற்சி. திங்கள் மாலை ஆறு மணிக்குள் கொடுத்தால் அடுத்த வகுப்பில் இடம். இல்லாவிட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதுதான். படம் முழுதாக உருவாகப் பதினாறு மணி நேரம் வேண்டும். கம்ப்யூட்டரோ கால் மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. எச்சரிக்கை எதுவும் வராது. பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்ட மாதிரி டப்பென்று இருட்டிவிடும்.

ஞாயிறு காலை முதலிலிருந்து தொடங்கினாள். மூடியை மாட்டினாள். ஐந்து நொடிக்கு ஒரு முறை கம்ப்யூட்டரின் சூட்டைப் பதியவிட்டாள். அணைவதற்கு முன் கடைசி எண் அறுபத்தெட்டு டிகிரி. அதெல்லாம் ஒரு சூடே இல்லை. பிறகு படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டை ஓய்வெடுக்கவிட்டு, பிராசஸரை மட்டும் ஒரு மணி நேரம் வாட்டினாள், அது அசரவில்லை. கார்டு இழுக்கும் மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்தாள், அணையவே இல்லை. ஆனால் அந்த வேகத்தில் போனால் படம் திங்கள் இரவுதான் முடியும்.

மதியம் ரொட்டிக் கடை வேலை முடிந்து அக்கா வந்தாள்.

“என்னடி நோட்டு, உன் நோயாளி பிழைச்சுட்டாரா?”

“சூடு இல்லக்கா. கரண்டுதான் எங்கேயோ பத்தல.”

“எங்கேன்னு தெரியுமா?”

“தெரியல. எதுவுமே உறுதியாத் தெரியல.”

“தெரியலங்கறதையே ரெண்டு பக்கம் எழுதுறவ நீ ஒருத்திதான். நகரு, வெளிச்சம் காட்டுறேன்.”

அக்கா போன் விளக்கைப் பிடித்தாள். மின்சாரம் பிரித்துத் தரும் பவர் சப்ளையிலிருந்து கார்டுக்கு ஒரே கேபிள்தான் போனது. நுனியில் இரண்டாகப் பிரிந்து, கார்டின் இரண்டு துளைகளிலும் செருகியிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் மாட்டியவள் நோட்டுதான். அவள் முகம் சுருங்கியது.

“தனித்தனியா ரெண்டு கேபிள் வந்துச்சுக்கா. ரெண்டும் தொங்கினா அசிங்கமா இருக்கும்னு ஒண்ணை அட்டைப் பெட்டியிலயே வச்சுட்டேன்.”

“அடிப்பாவி! பாக்க லட்சணமா இருக்கணும்னு பட்டினி போட்டிருக்கியே!”

பெட்டியைத் தேடி எடுத்தார்கள். துளைக்கு ஒன்றாக இரண்டு கேபிளையும் மாட்டினாள். மின்சார வரம்பைப் பழையபடி முழுதாக்கினாள். வேறு எதையும் தொடவில்லை. இரண்டு மணிக்குப் படத்தை ஓட விட்டாள். ஒன்பதாம் நிமிடம் இருவரும் மூச்சுவிடவில்லை. பன்னிரண்டு. இருபது. ஒரு மணி நேரம்.

நோட்டுவின் கை நிறுத்தும் பொத்தானை நோக்கிப் போனது.

“என்னடி பண்ற?”

“பழையபடி ஒரே கேபிளை மாட்டிப் பாக்கணும். அணைஞ்சாத்தானே காரணம் அதுதான்னு நிச்சயமாகும்?”

“எடு கையை! ஓடுற பஸ்ஸை நிறுத்தி, டிரைவருக்கு லைசன்ஸ் இருக்கான்னு கேப்பியா? நிச்சயம் பண்ண அடுத்த வாரம் இருக்கு. உன் படத்துக்கு இருக்கா?”

நோட்டு கையை மடியில் வைத்துக்கொண்டாள். வைத்திருப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. பிரேம்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன: வெள்ளைச் சுவர், நீள ஜன்னல், தரையில் வெயில்.

மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி. இருநூற்று எழுபது பிரேம்கள் வந்துவிட்டன. கேபிள்தான் காரணம் என்று நினைக்கிறேன், நிரூபிக்கவில்லை. நாளை காலை ஆறரைக்கு எழுந்து, ஆயிரத்து நானூற்று நாற்பது பிரேம்களும் இருக்கின்றனவா என்று எண்ணி, ஒரே படமாகச் சேர்த்து, பென் டிரைவில் ஏற்றி, வேலைக்குப் போகும்போதே எடுத்துச் செல்ல வேண்டும்.