இரண்டாவது கையெழுத்து

உப்பலில் இருந்த இல்லத்தில் ஒரு கட்டில் காலியாக இருந்தது. சிறையிலிருந்து வருகிறவர்கள் மூன்று மாதம் அங்கே தங்கலாம். வேலையும் தேடித் தருவார்கள். ஜெயசுந்தரி தம்பியின் பெயரை எழுதிக் கொடுத்தாள். கலேப். செர்லபள்ளி சிறை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விடுதலை.

"இன்னொரு கையெழுத்து வேணும்க்கா," என்றாள் இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் அஸ்வினி. "வாராவாரம் வந்து அவரைப் பாக்க ஒருத்தர். சொந்தக்காரங்க நக்கோ, வேணாம்."

"ஏன்? நான் வருவேனே."

"நீங்க எப்படியும் வருவீங்க. வரணும்னு அவசியமே இல்லாத ஒருத்தர் வந்தாத்தான் இவங்க திருந்தி நிக்கிறாங்க. உங்க சர்ச்ல யாரும் இல்லையா?"

"சர்ச்ல அவன் மஸ்கட்ல இருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன்."

அஸ்வினி பேனாவை மூடினாள். "ஹவ், ஆமா. இங்க வர்றவங்க பாதிப் பேர் ஊருக்குச் சொல்றப்ப துபாய்தான்."

சனிக்கிழமை முலாகாத், சிறையில் பார்வையாளர் நேரம். கம்பி வலைக்கு அப்பால் கலேப் மெலிந்திருந்தான்.

"உமேஷ் வந்திருந்தான்க்கா. வெள்ளிக்கிழமை வண்டி கொண்டு வரானாம்."

"அவன் கூடப் போகாத."

"அத்தான் என்னை வீட்டுல சேப்பாரா?"

"உப்பல்ல ஒரு இடம் பாத்திருக்கேன்," என்றாள்.

ஐந்து வருடத்துக்கு முன் கலேபுடன் உட்கார்ந்து குடித்தவன் உமேஷ். குடித்த பிறகு லாரியை எடு என்றவனும் அவன்தான். சாலையைக் கடந்த ஒருவர் இறந்தார். உமேஷ் லாரியில் ஏறவில்லை.

செகந்திராபாத்தில் அவர்கள் போகும் ஆலயத்தில், ஸ்தோத்திரக் காணிக்கை வைப்பவர்கள் உறைமேல் காரணத்தை எழுதுவார்கள். போதகர் அதைச் சபைக்கு வாசிப்பார். ஐந்து வருடமும் ஜெயசுந்தரி ஒன்றையே எழுதினாள். மஸ்கட்டில் இருக்கும் தம்பி கலேபின் சுகத்துக்காக.

இந்த ஞாயிறு வேறு எழுதினாள். போதகர் உறையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சகோதரன் கலேப் நலமாக ஊர் திரும்புவதற்காக," என்றார். அடுத்த உறையை எடுத்தார்.

ஜெயசுந்தரி எழுந்து நின்றாள்.

"முழுசா வாசிங்கய்யா."

பாட்டுப் புத்தகங்கள் புரளும் சத்தம் நின்றது. போதகர் உறையைத் திரும்ப எடுத்து, மெதுவாக வாசித்தார். "என் தம்பி மஸ்கட்டில் இல்லை. சிறையில் இருக்கிறான். குடித்து லாரி ஓட்டியதில் ஒருவர் இறந்தார். வெள்ளிக்கிழமை வெளியே வருகிறான். அவனை வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்."

ஆராதனை முடிந்தது. பெண்கள் அவளை விட்டு விலகி நடந்து போனார்கள். ஒருத்தி தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். ஜெயசுந்தரி வாசல் வேப்பமரத்தடியில் நின்றாள். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

கடைசியில் யேசுதாஸ் வந்தார். பாலாநகர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக வாராவாரம் பெயர் சொல்லி ஜெபிப்பது அவர் பொறுப்பு.

"ஏம்மா, அஞ்சு வருசம் அந்தப் பயல மஸ்கட் வெயில்ல இருந்து காப்பாத்தும்னு கேட்டிருக்கேனே. அட்ரஸ் தப்பால்லா குடுத்திருக்க?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது.

"மன்னிச்சிருங்கய்யா."

"செத்தவருக்குப் பிள்ளைங்க உண்டா?"

"ரெண்டு பேர்."

அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளைங்களப் பத்தி அவன்கிட்ட நான் பேசுவேன். பேசாம இருக்க மாட்டேன். சரின்னா சொல்லு."

"பேசுங்க."

அவள் கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். அவர் அதைத் தன் ஸ்கூட்டர் இருக்கையில் விரித்து, ஒவ்வொரு வரியாகப் படித்து, கையெழுத்துப் போட்டார்.

"வெள்ளிக்கிழமை எத்தன மணிக்கு?"

"பத்துக்குன்னு சொன்னாங்க. உமேஷும் வருவான்."

"அப்ப ஒம்போதுக்கே போயிருவோம்." ஸ்கூட்டரைத் திருப்பினார். "ஃப்ளாஸ்க்ல சாயா கொண்டாரேன். சீனி எப்படிப் போடணும் அவனுக்கு?"

இரண்டு ஸ்பூன் என்று சொல்லப் போனாள். அது ஐந்து வருடத்துக்கு முன்பு.

"தெரியல," என்றாள். "அவன்கிட்ட கேக்கணும்."

"அப்ப சீனியத் தனியா கொண்டாரேன்," என்றார்.