மணிமஞ்சரிக்கு வந்த கடிதங்கள்

விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில், நாகப்பட்டினத்தில் கொட்டகை போட்டிருந்த ஒரு நாடகக் கம்பெனியில் மாசிலாமணி ஸ்திரீ பார்ட் போட்டுவந்தார். அவருக்கு இரண்டு தபால்கள் வரும். ஒன்று அவருக்கு. மற்றது அவர் போடும் வேஷமான இளவரசி மணிமஞ்சரிக்கு. தபால்காரர் சவரிமுத்து முதலாவதைக் காலையில் ஜாகைக்கு வந்து கொடுப்பார். இரண்டாவதற்கு, மாசிலாமணி அரிதாரம் பூசி, சவுரி வைத்து, வளையல் மாட்டி முடிக்கும்வரை கொட்டகைக்குப் பின்னால் காத்திருந்து, இளவரசியின் கையிலேயே கொடுப்பார். ஆள் மாற்றிக் கொடுத்தால் வேலை போய்விடும்.

மணிமஞ்சரி படித்துவிட்டு ரவிக்கைக்குள் செருகிக்கொள்வாள். ஆட்டம் முடிந்து மாசிலாமணி ரவிக்கையைக் கழற்றும்போது கடிதம் இருக்காது. அதில் என்ன எழுதியிருந்தது என்பதும் அவருக்குத் தெரியாது. அடுத்தவர் கடிதம்தானே என்று அவரும் கிளறமாட்டார்.

மணிமஞ்சரிக்கு வருவதில் பாதி பட்டுக்கோட்டைக் கடிதம் என்று சவரிமுத்துதான் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். ஒவ்வொரு உறையும் நல்ல தடிமனாம். பட்டுக்கோட்டையில் மாசிலாமணிக்குத் தெரிந்து எழுதப் படிக்கத் தெரிந்த பெண் ஒருத்திதான், அவர் மனைவி தையல்நாயகி. வாத்தியார் மகள். அவருக்கு அவள் போடுவது கார்டு. சகலரும் க்ஷேமம், மாடு கன்று போட்டது, வேறு விசேஷமில்லை என்று மூன்று வரி இருக்கும்.

போன வருஷம் திருவாரூரில் அவள் நாடகம் பார்க்க வந்திருந்தாள். புருஷன் காட்டில் விட்டுவிட்டுப் போன மணிமஞ்சரி அழுததைப் பார்த்துத் தானும் அழுதாள். அந்தப் பழக்கம் கடிதத்தில் தொடர்ந்திருக்கிறது. தன் நடிப்புக்குக் கிடைத்த மெடல் என்று மாசிலாமணி அதை எடுத்துக்கொண்டார். சக நடிகர்களிடம் சொல்லவும் செய்தார்.

பங்குனி பிறந்ததும் கம்பெனி முதலாளி ரெங்கப்ப நாயக்கர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். மணிமஞ்சரி வேலையை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்திருந்தாள். தோழி ஒருத்தியை அவள் அண்ணன் ரங்கூனுக்கு வரச் சொல்லியிருக்கிறாராம், துணைக்குத் தானும் போகிறாளாம்.

"முறையாத்தான் எழுதியிருக்கு. நான் தடுக்க முடியாது," என்றார் நாயக்கர். "உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

சொல்லவில்லை. தையல்நாயகியின் அண்ணன் ரங்கூனில் மரக்கடையில் இருக்கிறார் என்பது மட்டும் மாசிலாமணிக்குத் தெரியும். அவர் அன்றே மணிமஞ்சரிக்கு ஒரு கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தார். பதில் ஜாகைக்கு வந்தது. எழுத்து அவருடைய எழுத்துதான், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. ஒருத்தி நம்பிச் சொன்னதை அவள் கணவரிடம் சொல்வது நியாயமில்லை என்று மணிமஞ்சரி எழுதியிருந்தாள். ஒன்று மட்டும் சொல்லலாம், கல்யாணமான நாளிலிருந்து தாங்கள் அவளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டு எழுதியதில்லையாம், மாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்களாம்.

மாசிலாமணி மனைவிக்கு எழுத உட்கார்ந்தார். எடுத்த எடுப்பில் 'கண்ணே கனியமுதே' என்று வந்தது. கிழித்துப் போட்டார். அடுத்ததில் பாட்டே வந்துவிட்டது. அதையும் கிழித்தார். கடைசியில், நீ எப்படி இருக்கிறாய், ரங்கூன் போக உனக்கு ஆசையா, நான் வீட்டோடு வந்துவிட்டால் இருப்பாயா என்று மட்டும் எழுதினார். இவ்வளவு மோசமான வசனத்தை அவர் வாழ்நாளில் பேசியதில்லை. அப்படியே அனுப்பிவிட்டார்.

அதற்குப் பதில் அவருக்கு வரவில்லை. மணிமஞ்சரிக்குத் தடித்த உறை ஒன்று வந்தது. அவள் தீவட்டியின் கீழ் நின்று அதை இரண்டு தடவை படித்தாள். அன்றைக்குக் காட்டுக் காட்சியில் அவள் அழுததைப் போல் யாரும் அழுது பார்த்ததில்லை என்று கொட்டகையே சொன்னது. வேஷத்தைக் கலைத்தபோது மாசிலாமணியின் கண்கள் வீங்கியிருந்தன. எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை.

கப்பல் வந்த அன்று காலை அவருடைய வேஷப்பெட்டி காலியாக இருந்தது. துறைமுகத்துக்குப் போனார். தையல்நாயகி ஒரு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மணிமஞ்சரி, வழிப்பயணத்துக்கு ஏற்றாற்போல் பருத்திச் சேலை கட்டி, வெற்றிலை மடித்துக் கொண்டிருந்தாள்.

"உங்க கடுதாசி வந்துச்சு," என்றாள் தையல்நாயகி. "நல்லா எழுதியிருந்தீங்க."

"பதிலே போடலையே?"

"மஞ்சரிக்கு விவரமா எழுதியிருந்தேனே."

மணிமஞ்சரி வெற்றிலையைப் பார்த்தபடி இருந்தாள். என்ன பதில் என்று தெரிந்துகொள்ளலாமா என்று மாசிலாமணி கேட்டார்.

தையல்நாயகி யோசித்தாள். "இருப்பேன்னுதான் எழுதினேன். நீங்க வருவீங்கன்னு பார்த்தேன். நீங்க வரலை, டிக்கெட் வந்துச்சு."

படகுக்காரர் கூப்பிட்டார். மணிமஞ்சரி பெரியவரை வணங்குவதுபோல் மாசிலாமணியைக் கும்பிட்டாள். என்ன செய்வதென்று தெரியாமல், "நல்லா இரும்மா," என்றார். மனைவியிடமும் அதையே சொல்ல வாயெடுத்தார். அதற்குள் படகு நகர்ந்துவிட்டது. தூரத்தில் நின்ற கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டு, புகை விட்டு, மறைந்தது.

மறைந்ததும் துறைமுக ஆட்கள் நாலு பேர் வந்து மேலே கட்டியிருந்த கயிறுகளை அவிழ்த்து, நாடகப் படுதாவைப் போல் தெற்கு ஓரத்திலிருந்து கடலைச் சுருட்டத் தொடங்கினார்கள். சாயங்காலம் அது காரைக்காலில் வேண்டுமாம். வண்டி காத்திருந்தது.

"ஐயா, சும்மா நிக்கிறதுக்கு அந்த முனையைப் பிடிச்சா தேவலை," என்றார் அவர்களில் ஒருவர்.

மாசிலாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிடித்தார். நனைந்திருந்ததால் நல்ல கனம். அலை கசங்காமல் சுருட்டச் சொன்னார்கள். அவரும் பார்த்துச் சுருட்டினார்.