செல்களின் காதை நறுக்கியவள்

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள் அவள் கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிர்ச்செல்கள் இன்சுலினுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் ஆராய்ச்சியை மூட்டை கட்டிவிடலாம் என்று ஆய்வகத் தலைவர் சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தார். வியாழன் மதியம்வரை ஒரு செல்லும் வாயைத் திறக்கவில்லை.

ஆய்வகத்தில் அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர். புது இன்சுலின் வாங்கிப் பார்த்தாள். கருவியை மாற்றிப் பார்த்தாள். கடைசியில் குளிர்பெட்டியைத் திட்டினாள். அது மனம் நொந்து உறுமுவதையே நிறுத்திக்கொண்டது. பக்கத்து மேசையில் வேலை பார்ப்பவள் அவளுடைய நாத்தனார். எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"அண்ணி, தட்டுலேர்ந்து செல்லை எப்படி எடுத்தீங்க?"

"டிரிப்சின் ஊத்தித்தான். அடம் புடிச்சுது, இன்னும் கொஞ்சம் ஊத்துனேன். உங்கண்ணன் வேற போன்ல, கண்ணாடியைக் காணோம்னு."

"கெடச்சுதா?"

"அவர் தலைமேலதான் இருந்துது."

"எங்க குடும்பம் அப்படித்தான். எடுத்த கையோட இன்சுலின் குடுத்துட்டீங்களா?"

"பின்ன? ஆரத்தி எடுக்கவா?"

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த என்சைம் கத்தரி மாதிரி அண்ணி. தட்டுல ஒட்டின காலை மட்டுமா வெட்டும்? வெளிய நீட்டிக்கிட்டிருந்த ஏற்பியையும் சேத்து நறுக்கிடுச்சு. காதை அறுத்துட்டு, கூப்பிட்டா திரும்பலைன்னு கோவம் வேற!"

உண்மைதான். இன்சுலின் செய்தி சொல்ல செல்லுக்குள் நுழைவதில்லை. வெளியே நிற்கும் ஏற்பியில் போய் உட்காரும். சேதியை உள்ளே தள்ளுவது ஏற்பியின் வேலை. உட்கார இடமில்லாத இன்சுலின் வாசலிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு என் மானம் போச்சு."

"செல்லே சாகல, நீங்க ஏன் அழறீங்க? நல்ல சாப்பாடு போட்டு விடுங்க, அதுங்களே புது ஏற்பி முளைக்க வெச்சுக்கும். ஆனா நாளைக் காலைவரை தொடக் கூடாது."

தொடாமலிருந்தாள். அதற்காக நாத்தனார் செல்களை வைத்திருந்த இன்குபேட்டரின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வேண்டியிருந்தது.

காலையில் செல்கள் கலகலவென்று பதில் சொல்லின. அவள் கூட்டத்தில் வியாழன் எடுத்த படத்தையும் அன்று காலை எடுத்த படத்தையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டாள்.

"இந்த ஊமைப் படம் என்னம்மா?" என்றார் தலைவர்.

"நான் ஏற்பியை வெட்டினது சார்."

அவர் எழுந்து படத்துக்குப் பக்கத்தில் வந்தார். "உடம்புக்குள்ளயும் ஏற்பியை வெட்டுற என்சைம் இருக்கே. எவ்வளவு வெட்டினா எவ்வளவு சேதி குறையுதுன்னு இதை வெச்சே அளக்கலாம். வேலையைத் தொடருங்க. இந்தத் தப்பை மறுபடி மறுபடி, மாறாம செஞ்சு காட்டணும்."

அளவு பார்த்து, நேரம் குறித்து, ஒழுங்காகத் தப்புச் செய்யப் பழக அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது.