நீலக் கையுறை

ஆராய்ச்சிக் கொட்டகையில் பன்னிரண்டு கண்ணாடித் தொட்டிகள். அவற்றைத் தேய்த்துக் கழுவுவது என் வேலை. ஆறு தொட்டிகளில் எங்கள் ஊர் ஏரியிலேயே பிறந்து வளர்ந்த மீன்கள். மற்ற ஆறில் எங்கிருந்தோ வந்து ஏரியை வளைத்துப் போட்டுக்கொண்ட மீன்கள். இவற்றுக்கு நான் வைத்த பெயர் வீட்டோட மாப்பிள்ளை. வந்த இடத்தில் தின்றே தீர்ப்பவை.

ஆராய்ச்சி செய்யும் மேடம் ஒரு நீலக் கிண்ணத்தைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்குவார். மீன் எவ்வளவு நேரத்தில் கிட்டே வருகிறது என்று பார்ப்பார். ஏரி மீன் மூலையில் ஒண்டிக்கொள்ளும். மாப்பிள்ளைகள் மூன்றே நொடியில் முட்டி மோதிக்கொண்டு வந்துவிடும்.

"புதுசா எதப் பாத்தாலும் இதுங்களுக்குப் பயமே இல்லக்கா. கூண்ட இறக்கினாப் போதும், தானா உள்ள வந்துடும்" என்றார்.

மாப்பிள்ளைகளைப் பிடிக்க வெள்ளிக்கிழமை ஏரியில் கூண்டுகளை இறக்குவதாக முடிவானது. ஒன்றும் சிக்காவிட்டால் அதிகாரிகள் ஏரியில் மருந்து கலந்து எல்லா மீனையும் கொன்றுவிடுவார்கள். என் தம்பி அந்த ஏரியில் வலை போட்டுத்தான் பிழைக்கிறான்.

புதன்கிழமை தொட்டி தேய்க்கும்போது எனக்குச் சுருக்கென்றது. என் கையில் இருந்த ரப்பர் கையுறை நீலம். வேலை முடிந்ததும் அதே கையுறையோடு மாப்பிள்ளைகளுக்கு மட்டும் மீந்த தீனியில் ஒரு பிடி போடுவேன். போடக்கூடாது என்பது உத்தரவு. கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கெஞ்சினால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? மூன்று மாதமாகத் தினமும் போட்டிருக்கிறேன்.

மேடம் சாப்பிடப் போனதும் என் சிவப்புக் குவளையைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். ஒரு மாப்பிள்ளையும் அசையவில்லை. முந்நூறு வரை எண்ணினேன். தோள்பட்டை விட்டுப்போனது. ஆறு தொட்டியிலும் அதே கதை.

அவர் திரும்பி வந்ததும் சொல்லிவிட்டேன். "மேடம், அதுங்க கிண்ணத்துக்கு வரல. என் கைக்கு வருது."

முழுதும் கேட்டதும் அவர் முகம் சுண்டிப்போனது. "மூணு மாச உழைப்பு! இப்ப வந்து சொல்றீங்களே!"

"இப்பத்தான் தெரிஞ்சுது. வேலைய விட்டு எடுக்கறதுன்னா எடுங்க. ஆனா கூண்ட இறக்காதீங்க. காலியா வந்தா மருந்து கலந்துடுவாங்க."

"இறக்கலன்னாலும் கலப்பாங்க. மாசக் கடைசி வரைக்கும்தான் கெடு."

"இன்னும் பதினாறு நாளு இருக்குல்ல? இதுங்க பயப்படாத மீனு இல்ல மேடம், சீக்கிரம் கத்துக்கற மீனு. கூண்டுக்கு நீலம் அடிச்சு, கதவத் தொறந்து வெச்சு, தினம் தீனி போடுவோம். நானே போடறேன்."

மேடம் கையை நீட்டினார். சிவப்புக் குவளையை வாங்கித் தானே ஒருமுறை இறக்கிப் பார்த்தார். பிறகு சொன்னார். "வெள்ளிக்கிழமை காலைல ஆறு மணிக்கு ஏரிக்கு வந்துடுங்க."

வெள்ளிக்கிழமை நீலம் அடித்த கூண்டுகளை ஏற்றிக்கொண்டு தம்பி படகு தள்ளினான். "கூடப் பொறந்தவனுக்கு ஒரு வாய் போட மாட்டே, இதுங்களுக்கு விருந்தாக்கா?"

"நீயும் வாயத் தொறந்துக்கிட்டு உள்ள போ, போடறேன்."

பதினான்கு நாள் போட்டேன். இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. ஒரு நாளும் விடவில்லை.

கடைசி நாள் தீனியைத் தூவிவிட்டு, முதல் கூண்டின் கதவுக் கயிற்றைச் சுண்டினேன். கதவு விழுந்தது. மேடம் கரையில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். தூக்கினேன். கூண்டு ஏறவில்லை.

"கல்லுல மாட்டிக்கிச்சாக்கா?"

"கல்லு துள்ளுமாடா? இந்தப் பக்கம் வந்து பிடி."