பதிலுக்கு நிற்கவில்லை

அழுகைச் சத்தம் வாசலில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே திரௌபதி உள்ளறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அப்பாவின் பாயைச் சுருட்டி உதறினாள். ஒன்றும் விழவில்லை. தலையணை உறைக்குள் கையை விட்டதும் அகப்பட்டது. கறுப்பு அட்டை போட்ட தடித்த பைபிள் புத்தகம்.

“நான் நெனச்சது சரியாப் போச்சி” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

அப்பா இருசப்பன் காலை ஆறு மணிக்குக் கண்ணை மூடினார். முப்பது வருஷம் கோர்ட்டில் டவாலி. சிவப்புப் பட்டையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு, வாசலில் நின்று ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை கூப்பிடுவார். கூண்டில் ஏறுகிறவர்களுக்குச் சத்தியப் பிரமாணம் சொல்லிக் கொடுப்பதும் அவர்தான். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து படுத்தார். அதற்கப்புறம்தான் யோபு உபதேசியார் வர ஆரம்பித்தார்.

வாரத்தில் மூன்று நாள், மத்தியானத்தில், குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார். “கோர்ட்டுப் பழக்கம்” என்றார் அப்பா. திரௌபதி காப்பி கொண்டுபோனால் பேச்சு அப்படியே நின்றுவிடும். புருஷனைப் பறிகொடுத்து அப்பா வீட்டோடு வந்து பத்து வருஷம் ஆகிறது. அப்பா அவளிடம் மறைத்துப் பேசியதே கிடையாது. ஒரு நாள் சுவரோரம் நின்று கேட்டாள்.

“ஞானஸ்நானம் எப்ப குடுப்பீங்க?” என்றது அப்பாவின் குரல்.

“மொதல்ல அத செய்ங்க. அப்பறம் இது” என்றார் உபதேசியார்.

அது என்றால் எது? அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போனது. இந்த வீட்டைத்தான் சபைக்கு எழுதி வாங்கப் பார்க்கிறார் என்று தம்பி ராஜேந்திரனிடம் சொன்னாள். அவன் மின்சார ஆபீஸில் குமாஸ்தா. “அந்த ஆள இனிமே உள்ள விடாதக்கா” என்று கத்தினான். ஆனால் அப்பாவிடம் நேரில் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புத்தகத்தைக் கவிழ்த்து உலுக்கினாள். பத்திரமோ ரசீதோ எதுவும் உதிரவில்லை. அடிக்கடி பிரித்துப் பழகியதால் ஒரு பக்கம் மட்டும் தானாகவே விரிந்தது. இயேசுவைப் பிடித்துக்கொண்டுபோய் தேசாதிபதி முன்னால் நிறுத்தி விசாரிக்கிற இடம். உண்மை என்றால் என்ன என்று தேசாதிபதி கேட்கிறான். கேட்டுவிட்டு எழுந்து வெளியே போய்விடுகிறான். அந்த வரிக்குப் பக்கத்தில், கோர்ட்டுக் காகிதங்களைப் பார்த்துப் பழகிய அப்பாவின் கட்டை எழுத்தில், பென்சிலால் எழுதியிருந்தது: ‘கேட்டவர் பதிலுக்கு நிற்கவில்லை.’

கதவு தடதடத்தது. திறந்தாள். ராஜேந்திரனின் கண் நேராகப் புத்தகத்துக்குத்தான் போனது.

“இதுல ஏதாச்சும் காயிதம் இருந்துச்சா?”

“என்னா காயிதம்?”

“கேட்டதுக்கு பதில் சொல்லு. அவரு கையால எழுதனது எதனா இருந்துச்சா?”

“வீட்டப் பத்தி ஒண்ணும் இல்லடா.”

“வீடு கெடக்குது. குடு இத, கட்டையோட போட்டுடலாம்.” பிடுங்கிக்கொண்டான்.

வீடு கெடக்குது என்று அவன் சொன்னது திரௌபதிக்குத் தைத்தது. ஒரு மாதமாக வீடு வீடு என்று அவளோடு சேர்ந்து குதித்தவன் அவன்தானே?

தெருமுனையில் குடை தெரிந்தது. யோபு உபதேசியார் பந்தலுக்குள் வராமல் விளக்குக் கம்பத்தடியில் நின்றார். ராஜேந்திரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனான். திரௌபதியும் பின்னாலேயே போனாள். தெருவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொணத்தப் பொதைக்கக் கேட்டு வந்துட்டான்யா என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

“எங்கப்பாவுக்கு ஞானஸ்நானம் குடுத்தியா?”

ஆம் என்று சொன்னால் அங்கேயே அடி விழும் என்பது அவருக்கும் தெரிந்துதான் இருக்க வேண்டும். அவர் அவசரப்படாமல் சொன்னார்.

“இல்லீங்க. அவரு கேட்டாரு. நான்தான் குடுக்கல. உங்க முறைப்படியே செய்ங்க. நான் மொகம் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

கூட்டத்துக்கு மூச்சு வந்தது. தம்பிக்கும் வந்திருக்க வேண்டும். ஆனால் அவன் முகம் வெளுத்தது. “பாத்தது போதும், கெளம்பு. அக்கா, நீ உள்ள போ” என்றான்.

ராஜேந்திரனைப் பாடை கட்டுகிறவர்கள் கூப்பிட்டார்கள். அவன் போனதும் உபதேசியாரைப் பக்கத்துச் சந்துக்கு வரச் சொன்னாள்.

“மொதல்ல அத செய்ங்க, அப்பறம் இதுன்னு சொன்னீங்களே, என் காதால கேட்டேன். அது என்னா?”

“அவரு எங்கிட்ட சொன்னத நான் வெளிய சொல்லக் கூடாதும்மா.”

“செத்தவரு வந்து கேக்கப் போறாரா?”

“கேக்கலன்னாலும் சொல்லக் கூடாது. நான் அவருக்கு சொன்னத வேணா சொல்றேன். அடி அண்ணாமலைல சுப்பன்னு ஒருத்தரு இருக்காரு. அவர் எதிர்ல போயி நில்லுங்கன்னு சொன்னேன். அதான் அது.”

சுப்பன். இருபத்தோரு வருஷமாக அந்தப் பெயரை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. அப்போது அவர்கள் அடி அண்ணாமலையில் குடியிருந்தார்கள். அப்பாவோடு வரப்புத் தகராறில் இருந்த பக்கத்து நிலத்துக்காரரின் வைக்கோல்போர் எரிந்து, கொட்டகையில் கட்டியிருந்த மாடும் கருகிப்போனது. அங்கே கூலிக்கு இருந்த சுப்பன் கொள்ளியோடு ஓடினதைப் பார்த்தேன் என்று அப்பா கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னார். சுப்பனுக்குப் பத்து மாதம் வேலூர் ஜெயில். தீர்ப்பான மறுமாதமே அப்பா குடும்பத்தோடு டவுனுக்கு வந்துவிட்டார்.

“உங்க வேதத்துல ஒரு பக்கத்துல எழுதி வெச்சிருக்காரு” என்றாள். “கேட்டவர் பதிலுக்கு நிக்கலைன்னு.”

உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார். “அந்த பதில் தேசாதிபதி எதிர்லயே நின்னுகிட்டு இருந்துச்சும்மா. எங்களுக்கு உண்மைங்கிறது வாயால சொல்ற வார்த்தை மட்டும் இல்ல. ஒரு ஆளு. அந்த ஆளு மொகத்தப் பாக்காம எத்தன வாட்டி சத்தியம் பண்ணாலும் ஆவாது. அதத்தான் உங்கப்பாகிட்ட சொன்னேன். மொதல்ல ஞானஸ்நானம் குடு, தெம்பு வரும், அப்பறம் போறேன்னாரு. போயிட்டு வாங்க குடுக்கறேன்னு நான் பிடிவாதமா இருந்துட்டேன்.” குடையைக் கை மாற்றிக்கொண்டார். “நான் செஞ்சது சரியா தப்பான்னு இப்ப எனக்கே தெரியல.”

அவர் குடையை விரிக்காமலே வெயிலில் நடந்து போனார்.

திரௌபதி சந்துச் சுவரில் சாய்ந்து நின்றாள். ஒன்று ஞாபகம் வந்தது. போர் எரிந்த மறுநாள் காலையில் அம்மா, தம்பியின் வேட்டியை அடுப்பில் திணித்து எரித்தாள். கிழிஞ்சி போச்சி என்றாள். அது பொங்கலுக்கு எடுத்த புது வேட்டி.

பாடைக்குப் பச்சை மட்டை முடைந்துகொண்டிருந்த இடத்துக்கு நேராகப் போனாள். ராஜேந்திரனின் தோளைத் தொட்டு ஒதுக்குப்புறமாக அழைத்தாள்.

“போர நீதான் கொளுத்துனியாடா?”

அவன் இல்லை என்று சொல்வான் என்று காத்திருந்தாள். சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நம்பத்தான் அவளுக்கு ஆசை.

“எனக்கு அப்ப பதினேழு வயசுக்கா.”

“அப்பாவுக்குத் தெரிஞ்சேதான் சாட்சி சொன்னாரா?”

“மெல்லப் பேசு. ஆனது ஆயிப்போச்சி. அந்தாளே மறந்திருப்பான். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது, நெனப்புல வெச்சிக்கோ.” சட்டென்று அவள் கையைப் பிடித்தான். “அந்த உபதேசி உங்கிட்ட என்னா சொன்னான்?”

“அப்பா சொன்னது எதையும் சொல்லல” என்றாள். அது உண்மைதான். ஆனால் அவன் நம்பவில்லை. பாடை எழும்பும் வரை அவளையே திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

தப்பு முழங்க ஈசானியச் சுடுகாட்டுப் பக்கம் ஊர்வலம் திரும்பியது. பெண்கள் வீட்டைக் கழுவிவிடக் குடங்களை எடுத்தார்கள். திரௌபதி தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல், அதே கசங்கின புடவையோடு பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். எங்க போறே, எங்க போறே என்று பெரியம்மா கேட்டதற்குத் திரும்பவில்லை. அடி அண்ணாமலை வழியாகக் காஞ்சி போகிற பஸ்ஸில் ஏறினாள். கண்டக்டர் அவள் கோலத்தைப் பார்த்துவிட்டு ஒரு சீட்டுத் தள்ளியே நின்று டிக்கெட் கிழித்தான்.

அடி அண்ணாமலையில் இறங்கி வழி கேட்டாள். சுப்பன் குடிசை முன்னால் குந்தி, மல்லாட்டைச் செடியிலிருந்து கடலைக் காய் ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் மருமகள். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்த பார்வையில் வாங்க என்கிற சொல் இல்லை.

“டவாலி மவ தானே நீ” என்றார் சுப்பன். “எதுக்கு வந்தே? எங்க வூட்ல உங்களுக்கு என்னா வேல?”

“எங்கப்பா காலைல செத்துட்டாருங்க.”

“கேள்விப்பட்டேன்.” கை காயைப் பறித்துக்கொண்டே இருந்தது. “அதுக்கு?”

“உங்கள ஒண்ணும் கேக்க வரல. ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“கையெழுத்து கேக்க வந்திருக்கும், மாமா” என்றாள் மருமகள். “எதுலயும் கைநாட்டு வெக்காத.”

திரௌபதி செருப்பைக் கழற்றினாள். கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கேயே விட்டாள். அவள் நிற்க, அவர் குந்தியிருந்தார். அது சரியாகப் படாமல் மண்ணில் உட்கார்ந்தாள்.

“நீங்க கொள்ளியோட ஓடல. எங்கப்பா உங்களப் பாக்கவே இல்ல. போரக் கொளுத்துனது என் தம்பி ராஜேந்திரன். அது தெரிஞ்சிதான் அப்பா பொய் சொன்னாரு.”

கை நின்றது.

“நான் ஓடலன்னு எனக்குத் தெரியாதா?” என்றார் சுப்பன். குரல் உயரவில்லை. “நான் உள்ள இருக்கசொல்லத்தான் எம் பொஞ்சாதி செத்தா. கொள்ளிக்காரன் பொண்டாட்டின்னு ஒருத்தனும் தூக்க வரல.” நிறுத்தினார். “உனக்கு எப்ப தெரியும்?”

“இன்னிக்குத்தாங்க.”

அவர் அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். இதில் என்ன சூது இருக்கிறது என்று தேடுகிற பார்வை. அவள் கண்ணைத் தாழ்த்தாமல் இருக்கப் பாடுபட்டாள்.

பிறகு சுப்பன் முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். “எல்லம்மா, போயி அக்கம்பக்கம் நாலு வூட்லயும் கூப்புடு. வேல வெட்டி இருந்தாலும் வரச் சொல்லு” என்றார் மருமகளிடம். உள்ளே போனார். வரும்போது வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பெட்டியில் மடித்தே கிடந்த சட்டை. மடிப்பு கோடுகோடாகத் தெரிந்தது. கழுத்துப் பொத்தானை மாட்ட விரல் ஒத்துழைக்காமல் இரண்டு மூன்று தரம் முயன்றார்.

ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு கிழவர், கைப்பிள்ளையோடு ஒருத்தி, களத்திலிருந்து நேராக வந்த இரண்டு ஆட்கள். எல்லோரும் திரௌபதியைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள். சுப்பன் குந்தாமல் நிமிர்ந்து நின்றார்.

“இப்ப சொல்லும்மா” என்றார். “மொதல்லேருந்து.”

எதிர் வீட்டில் யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள்.