பேயாண்டி, வயது இருபத்திரண்டு

1971-ல் பேயாண்டி ஒரு சண்டைச் சேவலைத் திருடினார். தல்லாகுளத்துக் கோர்ட்டில் அந்தச் சேவல், யாரும் கேட்பதற்கு முன்பே அவரைப் பார்த்து மூன்று தடவை கூவி அடையாளம் காட்டிவிட்டது. கூவலுக்கு ஒரு மாதம் வீதம் மூன்று மாதம் ஜெயில். சேவல் அன்றைக்கே யாரோ வீட்டுக் குழம்புக்குள் போய் ஒரேயடியாக விடுதலை ஆனது. பேயாண்டிக்குத்தான் விடுதலையே இல்லை.

ஸ்டேஷனில் கேடி லிஸ்ட் என்று ஒன்று வைத்திருந்தார்கள்; அதில் அவர் பேரும் ஏறியது. வருஷா வருஷம் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு அன்று லிஸ்டில் உள்ளவர்களை ஜீப்பில் அள்ளிக்கொண்டு போய் ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள். முன்னெச்சரிக்கையாம். ஒரு வருஷம் அவர் உள்ளே பூட்டிக் கிடக்கும்போதே வாசலில் நின்ற இன்ஸ்பெக்டரின் புல்லட் காணாமல் போனது. கன்னத்தில் முதல் அறை பேயாண்டிக்குத்தான். புல்லட்டை ஓட்டிப்போனது இன்ஸ்பெக்டரின் மச்சினன் என்று சாயங்காலம் தெரிந்தது. விழுந்த அறையை யாரும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

2003 தை மாதம். மகள் அஸ்வினிக்குப் பரிசம் போட டி. கல்லுப்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிற நாள், ஜல்லிக்கட்டு நாளாகவே அமைந்துபோனது. பேயாண்டி ஸ்டேஷன் ரைட்டர் சோணைமுத்துவிடம் போய் நின்றார்.

"அய்யா, இந்த வருசத்தோட பேரை அடிச்சிருங்க. பரிசத்துல பொண்ணோட அப்பன் எங்கன்னு கேட்டா என்னத்தச் சொல்ல?"

"அடிக்கணும்னா பழைய கேஸ் கட்டு வேணும்ல? அதைக் கரையான் தின்னு இருவது வருசமாச்சு."

"கேஸே இல்லை, பேரு மட்டும் எப்புடிய்யா இருக்கு?"

"போன வருச லிஸ்டைப் பாத்து இந்த வருச லிஸ்டை எழுதுறோம். அதுல என்ன தப்பு?"

பேயாண்டி மேஜைமேல் கிடந்த லிஸ்டை எட்டிப் பார்த்தார். 'பேயாண்டி, வயது 22.' அப்பன் பெயர் எந்த வருஷமோ நகல் எடுக்கையில் விட்டுப்போயிருந்தது. பல் நாலு விழுந்து, கண் ஆபரேஷனும் பண்ணிக்கொண்ட மனுஷன், காகிதத்தில் ஒரு மயிர்கூட நரைக்காமல் இருந்தார். வீட்டுக்கு வந்தார்.

பரிசத் தட்டை எடுக்கிற நேரத்தில் ஜீப் வந்தது. ரைட்டர் ஜல்லிக்கட்டு பந்தோபஸ்துக்குப் போயிருந்தார். வந்தவர் புதுசாகச் சேர்ந்த எஸ்.ஐ. கையில் இருக்கிற காகிதத்தைத் தவிர இந்த உலகத்தில் எதையும் நம்பாத பிறவி.

"பேயாண்டி யாருடா?"

அஸ்வினி கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"குலசாமி பேருங்கய்யா, தெருவுக்கு நாலு பேரு இருக்கோம்" என்றார் பேயாண்டி. "எம்புட்டு வயசுப் பேயாண்டி வேணும்?"

எஸ்.ஐ. காகிதத்தைப் பார்த்தார். "இருபத்திரண்டு."

"அந்தப் பயலா? அவன் போயி முப்பத்திரண்டு வருசமாச்சே."

"எங்க போனான்?"

"சொல்லிட்டாய்யா போனான்?"

எஸ்.ஐ. 'தலைமறைவு' என்று கொட்டை எழுத்தில் எழுதி, தட்டிலிருந்து ரெண்டு லட்டையும் எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

"யாரு சம்பந்தி அது?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"ஒரு சேவலை ஒழுங்காக் களவாங்கத் தெரியாத பய. அவனை விடுங்க, தட்டை எடுங்க."

மறுமாதம் பஸ் ஸ்டாப் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். 'தேடப்படும் குற்றவாளி, வயது 22.' கருகருவென்று மீசை வைத்த, கரையான் தின்றது போக மிஞ்சிய பழைய போட்டோ. பேயாண்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். வாயில் வெற்றிலை நிறைந்திருந்தது. போட்டோவின் மேல் படாமல், கீழே ஸ்டேஷன் முத்திரை இருந்த மூலையாகப் பார்த்துத் துப்பிவிட்டு, பஸ்ஸில் ஏறினார்.