சீனுவாசனின் இருபத்து நான்கு மணி நேரம்

திண்டிவனத்திலிருந்து மயிலம் போகும் சாலையோர ஊர் ஒன்றில் எனக்கு ஒதுக்கியது நாற்பது வீடுகள். வீட்டுக்கு ஒரு கணவன், ஒரு மனைவி. முந்தைய நாள் காலை நான்கு மணி தொடங்கி மறுநாள் காலை நான்கு மணி வரை யார் என்னென்ன செய்தார்கள் என்று தனித்தனியாகக் கேட்டு, கையில் கொடுத்திருந்த டேப்லெட்டில் ஏற்ற வேண்டும். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியின் பொருளாதாரத் துறை நடத்திய ஆய்வு. தலைப்பு, ‘குடும்பத்தில் கூலியில்லா உழைப்பு’.

நாற்பதும் வெள்ளிக்கிழமைக்குள் பிழையில்லாமல் ஏறினால் எனக்கு மூன்றாண்டு ஆய்வு உதவியாளர் வேலை. ஒன்று குறைந்தாலும் அது மரக்காணம் பக்கம் கணக்கெடுத்துக்கொண்டிருந்த சகாயராஜுக்குப் போய்விடும். எம்.ஏ. முடித்து நான்கு வருடம் ஜெராக்ஸ் கடையில் நின்ற எனக்கு, சகாயராஜ் நல்ல பையன் என்பது அந்த வாரம் நினைவில் இல்லை.

வியாழன் மாலைக்குள் முப்பத்தொன்பது ஏறிவிட்டன. பெண்களிடம் கேட்டால், “வூட்ல சும்மாதான் இருக்கறேன்” என்றுதான் ஆரம்பிப்பார்கள். எவ்வளவு துருவினாலும் பாதி மறந்திருக்கும். மறந்ததெல்லாம் ஓய்வு என்ற கட்டத்தில் போய் விழும். கணக்கு இடிக்காது.

நாற்பதாவது வீடு அம்சா அக்காவுடையது. அவர் கல்யாணத்துக்கு முன்பு திண்டிவனத்தில் வேர்க்கடலை உடைக்கும் மல்லாட்டை மில் ஒன்றில் வருகிறவர், போகிறவர் நேரத்தை நோட்டில் எழுதும் வேலையில் எட்டு வருடம் இருந்தவர். நிமிடத்தோடு சொன்னார்.

“நாலு இருவதுக்கு எழுந்தேன். நாலரைக்கு சாணி வாரினேன். அஞ்சே காலுக்கு ரெண்டு மாட்டையும் கறந்தேன். ஆறு அஞ்சுக்கு சொசைட்டில பால் ஊத்தினேன். இன்னா, எழுதிக்கினியா?”

எழுதிக்கொண்டே போனேன். கடைசியில் டேப்பில் சிவப்புப் பட்டை வந்தது.

“அக்கா, இருவத்தேழே முக்கால் வருது.”

“வரட்டும்.”

“ஒரு நாளுக்கு இருவத்துநாலுதானக்கா.”

“அது எனக்குத் தெரியாதா? செஞ்சதைக் கேட்ட, சொன்னேன். இப்ப எதை செய்யலைன்னு சொல்லச் சொல்ற?”

விழுப்புரத்துக்குப் போன் போட்டேன். ஆய்வின் தலைவர் பேராசிரியர் இளவரசி மேடம் எடுத்தார்.

“ஒரே நேரத்துல ரெண்டு வேலைன்னா முக்கியமானதை மட்டும் போடும்மா. மனுஷங்களால ஒரு நேரத்துல ஒண்ணுதான் செய்ய முடியும். டேய், ஷூவைக் கழட்டிட்டு உள்ள வா. சொல்லும்மா, கேக்குது.” பின்னால் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது.

விதியை அம்சா அக்காவிடம் சொன்னேன். அவர் ஏற்கவில்லை.

“சோறு பொங்கறப்பவே மல்லாட்டை உரிச்சேன். மாமியாருக்கு வெந்நீர் போட்டேன். எது முக்கியம்?”

“சோறுன்னு போட்டுடலாம்க்கா.”

“அப்ப அந்த ரெண்டு படி மல்லாட்டை தானா உரிஞ்சிக்கிச்சா?”

நானே எதையாவது அழித்துவிடலாம்தான். ஆனால் முழுவதையும் படித்துக்காட்டி, பதில் சொன்னவர் ஒப்புக்கொண்ட பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். மற்ற வீடுகளில் படிக்கும்போது எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். இவர் உட்கார்ந்து கேட்கிறவர்.

அந்த நேரம் அவர் கணவர் சீனுவாசன் அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். அவர் நாளையும் கேட்டேன். தூக்கம் ஒன்பது, டிவி நான்கு, கழனி நாலரை, குளியலும் சாப்பாடும் இரண்டு. மொத்தம் பத்தொன்பதரை. மறுபடியும் சிவப்பு. குறைந்தாலும் டேப் ஏற்காது.

“மிச்சம் நாலரை எங்கண்ணா?”

“அப்படியே மாசிலாமணி டீக்கடையில பேசிக்கினு இருந்தோம்மா.”

“நாலரை மணி நேரமா?”

“சேர்ந்தாப்ல இல்ல. வுட்டு வுட்டு.”

“அப்ப அதையும் ஓய்வுல போட்டுடறேன்.”

“அய்யய்யோ, வேணாம்மா. ஏற்கெனவே டிவி நாலுன்னு எழுதிட்ட. நாளைக்கு நாலு பேர் பார்த்தா இன்னா நினைப்பாங்க?”

அம்சா அக்கா டேப்பை எட்டிப் பார்த்தார். “இதுக்கா இவ்ளோ நேரம்? மில்லுல ஒருத்திக்கு நேரம் கூடிப்போச்சின்னா, குறைஞ்சவ பேர்ல ஏத்திடுவோம். வேலை நோட்டுல வந்துடும், சூப்பர்வைசரும் கேக்க மாட்டாரு. என்னுதுல கூட இருக்கற மூணே முக்காலைத் தூக்கி இவருக்குப் போடு.”

“அது எப்படிக்கா?”

“என் வேலையை அழிக்காத. அதான் எனக்கு வேணும். யார் பேர்ல இருந்தா இன்னா?”

நான் ஒரு நிமிடம் யோசித்தேன். அந்த நிமிடத்துக்கு என் படிவத்தில் குறியீடு கிடையாது. சாணி, கறவை, சொசைட்டி, மாமியாருக்கு வெந்நீர் எல்லாம் சீனுவாசன் அண்ணன் பெயருக்கு மாறின. அப்போதும் அவருக்கு முக்கால் மணி நேரம் இடித்தது.

“சாமி கும்பிட்டாருன்னு போடு” என்றார் அக்கா. “திருவக்கரை கோயிலுக்கே போனாலும் வெளிய நின்னு செருப்பைப் பாத்துக்கற ஆளு. அந்தப் புண்ணியமாவது வரட்டும்.”

“படிச்சுக் காட்டட்டுமாண்ணா?”

“அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஜல்தி குடும்மா, கையெழுத்து போடறேன்.”

பட்டை பச்சையானது. திங்கட்கிழமை எனக்கு வேலை கிடைத்தது.

நான்கு மாதம் கழித்து விழுப்புரத்தில் கருத்தரங்கு. அறுநூறு வீடுகளில் ஒரே ஓர் ஆண்மகன் நாளுக்கு மூன்றே முக்கால் மணி நேரம் வீட்டு வேலை செய்வதாக மேடம் கண்டுபிடித்திருந்தார். அவரை அழைத்துப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்றார். அழைத்து வரும் பொறுப்பு ஆய்வு உதவியாளருக்கு. சீனுவாசன் அண்ணன் வர மறுத்தார். “சால்வை போடறாங்களாம், வாய்யா” என்று அம்சா அக்காதான் கிளப்பினார். மாட்டை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு அஞ்சம்மாளிடம் சொல்லிவிட்டு வந்ததும் அவர்தான்.

பொன்னாடை போர்த்தி முடிந்ததும் மேடம் மைக்கை அண்ணனிடம் நீட்டினார். “காலையில எத்தனை மணிக்குக் கறப்பீங்க? ரெண்டு மாடும் உங்களுக்குப் பழகிடுச்சா?”

அண்ணன் மூன்றாவது வரிசையைப் பார்த்தார். மூன்றாவது வரிசையில் நானும் இருந்தேன். மூன்று வருட வேலை மூன்று நொடியில் போகப் போகிறது என்று கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் அம்சா அக்கா எழுந்தார். “அஞ்சே காலுக்கு மேடம். செவலை காலை ஆட்டும், அதை முதல்ல கறந்துடுவாரு. கூடவே நிக்கறேனே, எனக்குத் தெரியாதா?”

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. கணவனின் உழைப்பை மனைவி இவ்வளவு நுணுக்கமாகக் கவனிப்பது தனிக் கட்டுரைக்கு உரியது என்று மேடம் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். சித்திரையில் இரண்டு மாணவிகள் இந்த வீட்டில் மூன்று நாள் தங்கி நேரில் பார்த்து எழுதுவார்கள். அண்ணன் தோளிலிருந்து பொன்னாடை நழுவியது.

திரும்பும் பஸ் விக்கிரவாண்டி தாண்டியது.

“பேஜாரா பூடுச்சே. நமக்கு ஒத்து வராதுன்னு மேடத்துகிட்ட சொல்லிடும்மா” என்றார் அண்ணன்.

“தாராளமா சொல்லட்டும்” என்றார் அக்கா. “பாப்பாவுக்கு வேலை பூடும். நீ சால்வையைத் திருப்பிக் குடு. மாசிலாமணி கடையில போட்டோ காட்டறேன்னு சொன்னியே, அதையும் காட்டாத.”

அண்ணன் பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். “கறக்கறது இன்னா, பெரிய வேலையா?”

“இல்லியே. மூணே முக்கால் மணி நேரம்தான்.”

இப்போது தினமும் காலை நாலரைக்கு நான் அவருக்குப் போன் அடிக்கிறேன். முதல் வாரம் செவலை வாளியை உதைத்தது. இரண்டாவது வாரம் அவரை உதைத்தது. கருத்தரங்கில் அம்சா அக்கா சொன்னது இப்போது உண்மையாகிவிட்டது. கறந்து முடிக்கும் வரை கூடவே நிற்கிறார். வெந்நீரில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அண்ணனை மாமியாரிடம் விடுகிறார். சொசைட்டிக்கும் உடன் போகிறார், இல்லாவிட்டால் பால்கேன் டீக்கடை வழியாகப் போகிறது.

போன ஞாயிறு ஒத்திகைக்காக இருவர் நாளையும் மறுபடி எழுதிப் பார்த்தேன். அண்ணனுக்குச் சரியாக இருபத்து நான்கு.

“எனக்கு எவ்ளோ?” என்றார் அக்கா.

“இருவத்தெட்டே கால்க்கா.”

அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. உரித்த மல்லாட்டையை முறத்தில் தள்ளினார்.

“புது ஆளைப் பழக்கற நேரம் அது. மில்லுலயும் எழுதுவோம். கூட இருக்கற நாலே காலை சித்திரை வரைக்கும் உன் பேர்ல ஏத்திக்கோ.”